பதினாலு நாளில் பாசம் வராது

2023 டிசம்பர் முதல் வாரம். என் சித்தி பையனும் அவன் மனைவியும் அமெரிக்காவிலிருந்து புவனேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். மொத்தம் ஆறு பெட்டி. அதில் நாலு பெட்டி முழுக்கக் குழந்தைகளுக்கான சாமான். சட்டை, ஷூ, பொம்மை, படப்புத்தகம், காய்ச்சலுக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று என்று மருந்துகள். அந்தக் குழந்தைகளை அவர்கள் வீடியோவில் பார்த்திருந்தார்களே தவிர, நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அக்காவுக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்றரை. இரண்டு வருடமாக ஒடிசாவில் ஒரு இல்லத்தில் இருந்தவர்கள். பெயரெல்லாம் வேண்டாம், அக்கா, தம்பி என்றே சொல்கிறேன். காகித வேலை எல்லாம் முடிந்திருந்தது. மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் தடையில்லாச் சான்று வந்து, மாவட்ட ஆட்சியர் உத்தரவு போட்டு, குழந்தைகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் வந்தாகிவிட்டது. (முன்பெல்லாம் கோர்ட்டுதான் உத்தரவு போடவேண்டும். 2021-ல் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பரிலிருந்து அந்த வேலையை ஆட்சியரிடம் கொடுத்துவிட்டார்கள்.) மிச்சம் இருந்தது நேரில் வந்து குழந்தைகளை அழைத்துக்கொண்டு, டெல்லியில் மருத்துவப் பரிசோதனையும் விசாவும் முடித்து, விமானம் ஏறுவதுதான். அதற்கு இருவருக்கும் பதினாலு நாள் லீவு.

நான் அப்போது புவனேஸ்வரத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கவுண்டருக்கு வருபவர்களைச் சமாளிக்கும் அளவுக்கு ஒடியா வரும். "ஓட்டல் எதுக்குடா, நம்ம வீட்டுலயே தங்குங்க, பாஷைக்கு நான் இருக்கேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி கூப்பிட்டுவிட்டேன். பத்து நாள் எங்கள் வீட்டில், கடைசி நாலு நாள் டெல்லியில் என்று ஏற்பாடு.

நான் பி.காம். படித்தவன். குழந்தை மனோதத்துவமெல்லாம் தெரியாது. அந்தப் பத்து நாள் கண்ணால் பார்த்ததும், பிறகு தேடித் தேடிப் படித்ததும்தான் இதை எழுத எனக்குள்ள தகுதி. என் கட்சி இதுதான். தத்தெடுத்த குழந்தையைக் கூட்டிவரப் போகும் அந்தப் பயணத்தில், பெற்றோருக்கும் குழந்தைக்கும் பாசம் வந்தே ஆகவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதுதான் முதல் தப்பு. அந்த நாட்களில் பழக்கம் வந்தால் போதும். அதுவும், குழந்தை ஏற்கனவே வைத்திருக்கும் கொஞ்சநஞ்சத்தை நாம் பிடுங்காமல் இருந்தால்தான் வரும்.

முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லத்தின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தோம். குழந்தைகளைக் கூட்டி வந்தார்கள். தம்பி ஆயாவின் இடுப்பில் இருந்தான். அங்கே ஆயாவை 'மாவுசி' என்று கூப்பிடுகிறார்கள், நம்மூர் சித்தி மாதிரி. அக்கா பின்னால், எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலையோடு, ஒரு சின்னத் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். "சிரி, சிரி" என்று நானே ஒடியாவில் சொன்னேன், வெட்கக்கேடு.

அப்புறம் இல்லத்து வழக்கப்படி உடை மாற்றினார்கள். இல்லத்துத் துணி அங்கேயே இருக்கவேண்டும், புதுப் பெற்றோர் கொண்டுவந்த துணியில்தான் குழந்தை வெளியே போகும். நல்ல எண்ணத்தில் வைத்த வழக்கம்தான். ஆனால் தம்பி போட்டிருந்த பழைய ஸ்வெட்டரைக் கழற்றியதும் அக்கா அதை வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அந்த ஸ்வெட்டர் இல்லாமல் தம்பி தூங்கவில்லை. புதுச் சட்டையில் அமெரிக்கக் கடை வாசனை. ஸ்வெட்டரில் அவன் உலகத்து வாசனை. ஏழு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது, எங்கள் நாலு பெரியவர்களுக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காமெடி நடந்தது. என் தம்பி முழங்காலில் உட்கார்ந்து, தன் நெஞ்சைத் தொட்டு, "அப்பா... அப்பா..." என்றான். சின்னவன் அவனைப் பார்த்தான், திரும்பி அக்காவைப் பார்த்தான், ஒரு கெக்கெக்கே சிரிப்பு. விஷயம் என்னவென்றால், ஒடியாவில் அக்காவை 'அபா' என்பார்கள். முதல் எழுத்தைக் கொஞ்சம் 'ஒ' மாதிரி உருட்டிச் சொல்லவேண்டும், ஆனாலும் காதுக்கு நம் அப்பா மாதிரிதான் கேட்கும். மீசை வைத்த ஒரு ஆள் வந்து "நான்தான் உன் அக்கா" என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது :-)

சிரித்தோம். ஆனால் அடுத்த இரண்டு நாளில் அந்த வார்த்தையின் கனம் புரிந்தது. அந்தப் பையனுக்கு அம்மா, அப்பா எல்லாமே அந்த 'அபா'தான். அவள்தான் ஊட்டுவாள். என் தம்பி மனைவி ஸ்பூனை எடுத்தால், அக்கா ஒன்றும் பேசாமல் ஸ்பூனை வாங்கிக்கொள்வாள். ராத்திரி தம்பியைச் சுவரோரம் படுக்கவைத்து, கதவுப் பக்கம் தான் படுப்பாள். பாத்ரூமுக்கு அவள்தான் கூட்டிப் போவாள். பாதித் தூக்கத்தில் அவன் முனகினால் அவள் கை தானாகப் போய்த் தட்டும்.

என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு பொறுப்பான பொண்ணு, தம்பிய என்னமா பாத்துக்குறா" என்று நெகிழ்ந்து போனாள். நானும்தான். தம்பி மனைவி மட்டும் நெகிழவில்லை. அமெரிக்க விதிப்படி, வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுப்பவர்கள் குறைந்தது பத்து மணி நேரமாவது பயிற்சி எடுத்திருக்கவேண்டும். அதில் இதைச் சொல்லியிருக்கிறார்களாம். "அத்தான், அது பொறுப்பு இல்ல. அவளுக்கு ஏழு வயசு. பெரியவங்க யாரையும் நம்ப முடியாதுன்னு அவ கத்துக்கிட்டிருக்கா, அவ்வளவுதான்" என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாம் மெச்சிக்கொள்ளும் எத்தனை 'சமர்த்து' இந்த ரகமோ.

என் பங்குக்கு நானும் ஒரு தப்பு செய்தேன். செய்தபோது அது தப்பு என்று தெரியவில்லை, பெருமையாக வேறு இருந்தது. இரண்டாம் நாளே சின்னவன் என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டான். ஒடியா பேசுகிறேன், சட்டைப்பையில் சாக்லேட் வைத்திருக்கிறேன், தோளில் தூக்கிவைத்து பால்கனியில் ஆட்டோ காட்டுகிறேன். ஆபீஸிலிருந்து வந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். "பாத்தியா, பெரியப்பான்னா உயிர்" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பி மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பத் தயங்கி, "அத்தான், தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு அவனை நீங்க தூக்கவேண்டாம், எதுவும் ஊட்டவும் வேண்டாம். பசிச்சாலும் விழுந்தாலும் எங்ககிட்டதான் வரணும்னு அவனுக்குத் தெரியணும்" என்றாள்.

என் வீட்டில், என் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, என்னிடம்! உள்ளுக்குள் சுருக்கென்றது. ஒரு நாள் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. மனைவிதான் திட்டினாள், "உங்களுக்கு யாரு முக்கியம், அந்தப் பிள்ளையா, உங்க கௌரவமா?" என்று.

பிறகு படித்தபோதுதான் அவள் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. இல்லங்களில் வளர்ந்த குழந்தைகள் சிலர் யார் வந்தாலும் போய் ஒட்டிக்கொள்வார்கள். புது ஆள் கை நீட்டினால் ஏறிக்கொள்வார்கள். அது பாசமில்லை. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் இடத்தில் பிழைப்பதற்கான உபாயம். ருமேனியாவில் 2000-த்தை ஒட்டிய வருடங்களில் புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்துப் பல வருடம் கவனித்த ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் எவ்வளவோ தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் அதிகம் தேறினார்கள். ஆனால் யாரிடமும் போய் ஒட்டும் அந்தப் பழக்கம் லேசில் போகவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆக, கண்டவர்கள் எல்லாம் தூக்கிக் கொஞ்சுவதை நிறுத்தி, பசிக்கும் வலிக்கும் பயத்துக்கும் பதில் சொல்ல இரண்டே இரண்டு பேர் என்று ஆக்குவதுதான் முதல் வேலை. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இது கல்நெஞ்சுத்தனமாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. அப்படியில்லை என்று இப்போது சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 1952-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஒரு இரண்டு வயதுக் குழந்தையைப் படமெடுத்தார். அந்தக் காலத்தில் அங்கே பெற்றோரைக் கூட இருக்க விடமாட்டார்கள். அவரும் ஜான் பௌல்பியும் சேர்ந்து சொன்னது, பிரிந்த குழந்தை முதலில் அழும், அப்புறம் சோர்ந்துபோகும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி அமைதியாகிவிடும் என்று. அந்த மூன்றாவது கட்டத்தைத்தான் நர்சுகள் 'பழகிவிட்டது' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அழுகிற குழந்தைக்கு இன்னும் நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். நம் வீடுகளில் புதிதாக வந்த குழந்தை அழவில்லை என்றால், "தங்கமான குழந்தை, ஏக்கமே இல்லை" என்று ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்கிறோம்.

நாலாம் நாள் நந்தன்கானனுக்குப் போனோம். வெள்ளைப் புலிக்குப் பேர்போன இடம். புவனேஸ்வரம் வருகிற எல்லா விருந்தாளியையும் நான் அங்கே கூட்டிப் போவேன், என் ஐடியாதான். கூட்டம், வெயில், புலி உறுமல். சின்னவன் பயந்து கத்த ஆரம்பித்தான். அக்கா அவனை இழுத்துக்கொண்டு ஒரு கட்டிடத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பத்து நிமிஷம் தேடினோம். பத்து நிமிஷத்தில் என் தம்பிக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. கண்டுபிடித்தபோது அவள் சொன்னது இரண்டே வார்த்தை, "ஜிபி நாஹி". போகமாட்டேன். எங்கே போகமாட்டாள்? காருக்கா, வீட்டுக்கா, அமெரிக்காவுக்கா? எனக்கு மொழிபெயர்க்க வாய் வரவில்லை.

அன்று ராத்திரி பால்கனியில் தம்பி மனைவி அழுதாள். "அவளுக்கு நான் வேண்டாம் அத்தான். நல்லா இருந்த பிள்ளைங்களைக் கலைச்சிட்டோமோ. இதை எப்படித் திருப்புறது" என்றாள். திருப்புவது என்ற வார்த்தையை அவள்தான் சொன்னாள். தம்பி ஒன்றும் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வார்த்தை யார் வாயிலும் வராது என்று நினைக்காதீர்கள். தத்தெடுத்த குழந்தைகளைத் திருப்பி ஒப்படைப்பது நடக்கிறது. நம் தத்தெடுப்பு விதிகளிலேயே இதற்கு இரண்டு தனித்தனி வார்த்தைகள் இருக்கின்றன. உத்தரவு வருவதற்கு முன் முறிந்தால் 'டிஸ்ரப்ஷன்', உத்தரவுக்குப் பின் ரத்தானால் 'டிசல்யூஷன்'. சட்டத்தில் ஒரு காரியத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், அது நடக்கிறது என்று அர்த்தம். பேங்கில் வாராக்கடனுக்குத் தனித் தலைப்பு இருக்கிற மாதிரி. வளர்ந்த குழந்தைகள் விஷயத்தில் இந்த ஆபத்து அதிகம். காரணம் குழந்தை கெட்டது என்பதோ பெற்றோர் கெட்டவர்கள் என்பதோ இல்லை. பத்து நாளில் வரவேண்டிய பாசம் வரவில்லை என்று இரண்டு பக்கமும் பயந்துபோவதுதான்.

மறுநாள் அவர்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகளை ஒரு தடவை இல்லத்துக்குக் கூட்டிப்போய் வருகிறோம் என்றார்கள். நான் தடுத்தேன். "ஆறிட்டு வர்ற புண்ணைக் கிளறாதீங்க, அங்க போனா திரும்ப வரவே மாட்டாங்க" என்றேன். இல்லத்தில் இருந்தவர்களும் முதலில் தயங்கினார்கள். அப்புறம் சரி என்றார்கள்.

போனோம். அந்த மாவுசி இருந்தார். அக்கா ஓடிப்போய் அவர் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், அந்த ஐந்து நாளில் முதல் தடவையாக. அரைமணி நேரம் அழுதிருப்பாள். மாவுசியும் அழுதார். என் தம்பி மனைவி கொஞ்ச தூரத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு மாவுசி அவளைப் பக்கத்தில் வரச்சொல்லி, தம்பி எப்படித் தூங்குவான் என்று காட்டினார். முதுகைத் தட்டக்கூடாதாம், காது மடலை இரண்டு விரலால் மெதுவாகத் தேய்க்கவேண்டுமாம். ராத்திரி சோறு இறங்காவிட்டால் பகாளோ கொடுக்கவேண்டுமாம். அக்காவுக்குத் தலை சீவுவது பிடிக்கும், ஆனால் பின்னாலிருந்து திடீரென்று யாரும் தலையைத் தொடக்கூடாதாம். எந்த ஃபைலிலும் இல்லாத தகவல்கள். தடுப்பூசி விவரம், எடை, உயரம், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஃபைலில் இருந்தது. காது மடல் இல்லை.

இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். குழந்தையை ஒப்படைக்கிற அன்று ஆயாவை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, மாலை போட்டு போட்டோ எடுக்கிறோம். குழந்தையை உண்மையில் கைமாற்ற வேண்டியவர் அந்த ஆயாதான். அவர் கையிலிருந்து வாங்கினால் குழந்தைக்கு அது தொடர்ச்சி. ஆபீஸ் அறையிலிருந்து வாங்கினால் குழந்தைக்கு அது காணாமல் போவது. பெற்றோர் இரண்டு மூன்று நாள் இல்லத்துக்கே போய்வந்து, ஆயாவோடு உட்கார்ந்து, அவர் ஊட்டும்போது பார்த்து, அதன் பிறகு கூட்டிவந்தால் என்ன குறைந்துவிடும்? லீவு குறையும், டிக்கெட் செலவு கூடும். குறைந்தபட்சம் அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலியாவது போடலாம்.

பகாளோ என்றேனே, அது வேறொன்றுமில்லை, நம் பழைய சோறுதான். சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்து, கொஞ்சம் தயிர், பச்சைமிளகாய், வறுத்த காய் அல்லது கருவாட்டோடு சாப்பிடுவார்கள். மார்ச் 20-ஐப் பகாளோ தினம் என்றே ஒடிசாவில் கொண்டாடுகிறார்கள். நாலு நாளாக என் மனைவி இட்லி, நூடுல்ஸ், சப்பாத்தி, ரசம் சாதம் என்று மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தாள், இரண்டும் கொறித்துவிட்டு எழுந்துவிடும். அன்று ராத்திரி என் அம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்து, பானைச் சோற்றைப் பிழிந்து உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு வைத்தாள். அக்கா ஒரு வாய் வைத்தாள், நிமிர்ந்து பார்த்தாள், இன்னொரு தட்டு கேட்டாள். அம்பாசமுத்திரத்துக் கிழவிக்கும் ஒடிசாப் பெண்ணுக்கும் ஒரே சோறு. அம்மா அதற்கு முன் "என்ன இருந்தாலும் பெத்த மாதிரி வருமா" என்று இரண்டு தடவை காதுபடச் சொல்லியிருந்தாள். அதற்கப்புறம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஊர்சுற்றல் நின்றது. ஒரே அறை, ஒரே பாய், ஒரே நேரத்துக்குச் சாப்பாடு. பசிக்கிறதா, வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று பத்து வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் ஒடியாவாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அதுதான் என் வேலை. குழந்தையிடம் நான் நேரடியாகப் பேசக்கூடாது, அவர்களைப் பேசவைக்கவேண்டும். உச்சரிப்பைக் கேட்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. திருத்தினாள். திருத்துகிற அதிகாரம் தன்னிடம் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஊட்டுவதை ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. காலையில் அக்கா ஊட்டட்டும், மத்தியானம் அம்மா, ராத்திரி யார் வேண்டுமோ அவர்கள் என்று பேரம் பேசினார்கள். பேரம் என்று சொல்வது கொச்சையாக இருக்கலாம், ஆனால் ஏழு வயதுக்காரியிடமிருந்து ஒரு பதவியை வாங்கும்போது மரியாதையாகத்தானே கேட்கவேண்டும்.

இனி நம்மவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பத்து நாளில் வீட்டுக்கு வந்துபோன தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு இருக்கும். நல்லவர்கள், பலகாரம் கொண்டுவந்தவர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் குழந்தைகளைப் பார்த்துச் சொன்னது, "எவ்வளவு பாக்கியசாலிங்க இந்தப் பிள்ளைங்க! எங்கேயோ இருந்து அமெரிக்கா போகுதுங்க!" தம்பியிடம், "உங்களுக்குப் பெரிய புண்ணியம்."

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெற்றவர்களை இழந்து, அடுத்துக் கிடைத்த இல்லத்தையும் இழந்து, இன்னும் ஒரு வாரத்தில் மொழி, சோறு, மரம், மழை எல்லாவற்றையும் இழக்கப்போகிற குழந்தையைப் பாக்கியசாலி என்கிறோம். நாமெல்லாம் சம்பளத்துக்காக, நம் விருப்பத்தோடு, எல்.டி.சி. சலுகையோடு ஊர்விட்டு வந்தவர்கள். அதற்கே நாற்பது வயதில் மாமரத்தைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது என்று பக்கம் பக்கமாகப் புலம்புகிறோம் (நானும்தான்). அந்தக் குழந்தைக்குப் புலம்பக்கூட உரிமை இல்லை, நன்றியோடு இருக்கவேண்டும். புண்ணியத்துக்கு வாங்கப்பட்டோம் என்று தெரிந்த குழந்தை ஆயுசுக்கும் கடனாளி.

"நாங்க எங்க அமெரிக்காவுல இருக்கோம், இது எங்களுக்கு எதுக்கு" என்று புனேயிலோ கொல்கத்தாவிலோ இருக்கும் நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். 2024-25-ல் இந்தியாவில் 4515 தத்தெடுப்புகள் நடந்தன. அதில் 4155 உள்நாட்டிலேயே. 1984-ல் லக்ஷ்மிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடந்த முறைகேடுகளுக்கு சுப்ரீம் கோர்ட் கடிவாளம் போட்டது. 2003-ல் இந்தியா ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. குழந்தைக்கு முதலில் உள்நாட்டிலேயே குடும்பம் தேடவேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து கொள்கை. 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அனுப்பிய சீனா 2024-ல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை ஏறக்குறைய நிறுத்தியேவிட்டது. தென்கொரியாவில் அரசு அமைத்த விசாரணைக் குழுவே 2025-ல், பழைய தத்தெடுப்புகளில் குழந்தைகளின் உரிமைகள் மீறப்பட்டன என்று ஒப்புக்கொண்டது. ஆக, இனி இந்தக் கதை பெரும்பாலும் இந்தியாவுக்குள்தான் நடக்கப்போகிறது.

இந்தியாவுக்குள் என்றால் எங்கே? இப்போது எல்லாம் ஒரே ஆன்லைன் வரிசை. பெங்களூர்த் தமிழ்த் தம்பதிக்கு ஜார்க்கண்டிலிருந்து குழந்தை வரும், மும்பைத் தமிழர்களுக்கு அஸ்ஸாமிலிருந்து வரும். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை. வளர்ந்த குழந்தைகளும் அக்கா தம்பி ஜோடிகளும் உடல்குறை உள்ளவர்களும் மிஞ்சுகிறார்கள், அவர்கள்தான் அதிகமாகக் கடல் தாண்டிப் போகிறார்கள். இதில் மனம் மாறி ஒரு ஐந்து வயதுக் குழந்தையை நீங்கள் கூட்டிவந்தால், ராஞ்சியிலிருந்து பெங்களூர் வரும் அந்த விமானமும் அதே விமானம்தான். பாஸ்போர்ட் முத்திரை இல்லாததால், குழந்தை நாடு மாறியது நமக்குத் தெரிவதில்லை. கூட்டிவந்த மறுநாளே ஹோமம், பெயர் சூட்டல், நூறு பேருக்கு விருந்து, மொட்டை. ஐந்து வருடமாக இருந்த பெயரையும் எடுத்துவிடுகிறோம். ஏழு வயதுக் குழந்தைக்குச் சொந்தமாக இருப்பதே அந்தப் பெயர் ஒன்றுதான். அதை மாற்ற வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஜாதகம் பார்த்து வேறு எழுத்து வந்தால் ஜோசியரை மாற்றுங்கள்.

வெளிநாட்டுக்குப் போன குழந்தைக்காவது முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு அறிக்கை என்று காராவுக்கு அனுப்பவேண்டும். உள்நாட்டில் இரண்டு வருடமும் ஆறு மாதத்துக்கு ஒன்றுதான். தூரம் குறைவு, சிக்கலும் குறைவு என்ற கணக்கு. அந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. ஒருவர் வந்து பார்க்கிறார் என்பது கண்காணிப்பு மட்டுமில்லை, நாலாம் நாள் ராத்திரி பால்கனியில் அழுகிற அம்மாவுக்குப் பேச ஒரு ஆள்.

ஒன்பதாம் நாள் காலையில் அக்கா தானாகவே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, தம்பி மனைவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். முன்னால், முதுகைக் காட்டாமல். ஒரு பக்கம் பின்னி முடித்ததும், போதும் என்று கையைக் காட்டிவிட்டு, மறு பக்கத்தைத் தானே பின்னிக்கொண்டாள். ஒன்று இறுக்கமாக, ஒன்று தொளதொளவென்று. அன்று முழுக்க அப்படியே திரிந்தாள். டெல்லி விமானத்துக்கும் அப்படியேதான் போனாள். ஏர்போர்ட்டில் எடுத்த போட்டோவில் யாருமே சிரிக்கவில்லை. சின்னவன் அக்கா கையில் ஒரு விரல், என் தம்பி கையில் ஒரு விரல் பிடித்திருக்கிறான்.

இப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாதம் ஒரு தடவை வீடியோவில் பேசுவார்கள். சின்னவனுக்கு ஒடியா போயே போச்சு, ஆறே மாதத்தில். அக்காவுக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, என்னோடு பேசும்போது இரண்டு வார்த்தை வரும். 2014-ல் மான்ட்ரியலில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். குழந்தையாக இருக்கும்போதே தத்துப்போய், பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சீனச் சிறுமிகளுக்கு, சீன மொழியின் ஒலிகளைக் கேட்கும்போது மூளை சீனமொழி பேசுபவர்களுடையது போலவே வேலை செய்ததாம். அவர்களுக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. அதைப் படித்த பிறகு, பையன் முழிப்பான் என்று தெரிந்தும் அவனோடு நான் ஒடியாவில்தான் பேசுகிறேன்.

ஒரே ஒரு வார்த்தை மட்டும் அவனிடம் அப்படியே நிற்கிறது. அக்காவை இன்னும் 'அபா' என்றுதான் கூப்பிடுகிறான். அந்த இடம் ஏற்கனவே நிரம்பிவிட்டதால் என் தம்பிக்கு அங்கே வேலையில்லை, அவன் வெறும் டாடி. போன மாதம் அதைச் சொல்லிக் கேலி செய்தேன். "பரவால்ல அண்ணா, அவ சீனியர்" என்றான்.